சித்தி வாய் திறக்காத ஞாயிறு

குதிரைகள் நின்று நின்று தேய்த்த கல்லில் என் இரண்டு பாதங்களும் சேர்ந்தே அடங்கிவிடும். வெயில் ஏறாத காலையில் அந்தக் குழிகள் குளிர்ந்து கிடக்கும். அதில் ஏறி நின்றுகொண்டால் பழைய காலம் ஒன்று பாதத்தின் வழியாக மெல்ல மேலேறி வருகிற மாதிரி இருக்கும். முழங்கால் வரை வரும். அதற்குள் யாராவது கூப்பிட்டுவிடுவார்கள்.

திருச்சுழியிலிருந்து நரிக்குடி போகிற பாதையில், கரிசல் காட்டுக்கு நடுவே இருந்தது அந்த மண்டபம். எந்தக் காலத்திலோ யாரோ ஒரு சிற்றரசர் குதிரைகளைக் கட்டிவைத்த லாயம் என்றார்கள். நாற்பத்திரண்டு தூண்கள். நீளமாக ஒரு கல்தொட்டி. படி இறங்கும் ஒரு சின்னத் தெப்பக்குளம், அதில் தண்ணீருக்குப் பதிலாக எருக்கஞ்செடி. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் யாருக்கோ அதன்மேல் திடீரென்று பிரியம் வந்து, சுற்றிலும் கம்பிவேலி போட்டு, வரிசையாக அரளி நட்டு, சிமெண்டில் இரண்டு மான்கள் செய்து நிறுத்தி, பூங்கா என்று நீலப் பலகை மாட்டிவிட்டுப் போனார்கள். அரளி பிழைத்துக்கொண்டது. மான்களில் ஒன்றுக்கு முதல் மாதமே கொம்பு போனது.

ராமேஸ்வரம் போகிற வேன்கள் கால் நீட்டிக்கொள்ள அங்கே நிற்கும். இறங்குகிறவர்கள் காவல்காரரிடம் இது என்ன என்று கேட்பார்கள். “ரொம்பப் பழசுங்க” என்பார் அவர். வரலாறு அத்தோடு முடிந்தது. அதைக் கேட்கப் பொறுக்காமல்தான் என் சித்தி ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போய் நிற்கத் தொடங்கினாள். தினமும் அருப்புக்கோட்டைக்கு பஸ்ஸில் போய்வந்து வரலாறு படித்து முடித்தவள். யாரும் அவளை நியமிக்கவில்லை. காலையில் மோர் குடித்துவிட்டு, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, இரண்டு மைல் நடந்து போய் முன்பின் தெரியாத மனிதர்களிடம், “செருப்பக் கழட்டிட்டு வாங்க, காட்டுறேன்” என்பாள். அவ்வளவுதான் அவளுடைய உத்தியோகம்.

அவள் பேசினால் தூண்கள் நகரும். இன்றைக்கும் எனக்கு அப்படித்தான் ஞாபகம். வந்தவர்களைக் குளம்புக் குழிகளில் நிற்கவைத்து, குதிரை எந்தப் பக்கம் திரும்பி நின்றிருக்கும், எந்தக் காலை அடிக்கடி தட்டியிருக்கும் என்று சொல்லிக்கொண்டே போவாள். கொஞ்ச நேரத்தில் வேன் டிரைவர்கூட ஒரு காலைத் தட்டிக்கொண்டிருப்பார். வெளியே சீமைக்கருவேலங்காடு வெயிலில் நடுங்கும். உள்ளே கல்லின் ஈரவாசனை, சித்தியின் குரல், அதற்குப் பின்னால் எங்கோ கனைப்பு. நான் கேட்டிருக்கிறேன். கேட்கவில்லை என்று யாரும் எனக்கு நிரூபிக்க முடியாது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. முழுப்பரீட்சை லீவுக்கு அம்மாவோடு மாமா வீட்டுக்கு வந்திருந்தேன். சித்தி இருந்தது மாமாவின் பொறுப்பில். தங்கச்சி தனியாகப் போகக்கூடாது என்பதற்காக என்னைக் கூட அனுப்பினார். மூன்றாவது ஞாயிற்றுக்குள் சித்தியின் பேச்சு முழுவதும் எனக்கு மனப்பாடம். அவள் சொல்லச் சொல்ல என் உதடும் அசையும். ஒருநாள் அடக்கமாட்டாமல் அவளுக்கு முந்திக்கொண்டு நானே சொல்லிவிட்டேன். நேரம் பார்த்து மாமா அங்கே வந்து நின்றார். காதைப் பிடித்துத் திருகி, “பெரியவுக பேசையில ஒனக்கென்ன வாயி? இன்னொரு தடவ இங்க பேசுனேன்னு தெரிஞ்சுச்சு, அடுத்த பஸ்ஸுல ஏத்தி ஒங்கப்பாகிட்ட அனுப்பிருவேன்” என்றார். அன்றிலிருந்து வாயை மூடிக்கொண்டு உதட்டை மட்டும் அசைத்தேன். ஒரே ஒரு தடவை, முதல் தூணிலிருந்து கடைசித் தூண் வரை நானே சொல்ல வேண்டும். என் ஒன்பது வயதின் ஆசை மொத்தமும் அதுதான்.

பெரியவர்களுக்கு வேறு கவலை. சித்திக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். விருதுநகரில் கடை வைத்திருக்கிற குடும்பம். குறை சொல்ல ஒன்றுமில்லை, பெண் இனிமேல் வெளியில் நின்று பேசக்கூடாது என்பதைத் தவிர. அதை மாமா குறையாக நினைக்கவில்லை. “கல்யாணம் ஆகுற வரைக்கும்தான் இந்த மண்டபமெல்லாம்” என்று முதலிலேயே சொல்லியிருந்தார். சித்தி வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னாள். முதல் தடவை சொன்னபோது வெட்கம் என்றார்கள். இரண்டாவது தடவை சொன்னபோது, “அதான் வெக்கம்னு சொல்லிட்டோம்ல” என்றார்கள்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. முறைப்படி பெண் பார்க்க வருவதற்கு முன்னால், தற்செயலாகப் பார்க்கிற மாதிரி கோயிலில் வைத்து ஒரு தடவை பார்த்துவிட்டுப் போவார்கள். பிடிக்காவிட்டால் யாருக்கும் தலைகுனிவு இல்லை. சாமி கும்பிட வந்தோம், போனோம். நடையைப் பார்க்க வேண்டும், குரலைக் கேட்க வேண்டும், அதற்குத்தான். கோயிலில் எந்தப் பெண் வாயைத் திறந்து பேசுகிறாள்? மாமா யோசித்தார். அவர் வீட்டுப் பெண்ணோ வாராவாரம் வருகிறவர்களுக்கெல்லாம் நடந்துகொண்டே பேசுகிறாள். இதைவிடத் தோதான இடம் உண்டா? சுற்றிப் பார்க்க வந்தவர்கள் போல வாருங்கள் என்று தரகர் மூலம் சொல்லி அனுப்பிவிட்டார். சித்திக்குத் தெரியக்கூடாது என்பது ஏற்பாடு. எனக்குச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

அந்த ஞாயிறு அம்மா சித்திக்கு மாம்பழக்கலர் சேலையை எடுத்துக் கொடுத்தாள். கனகாம்பரம் வைத்துவிட்டாள். “மண்டபத்துக்கா?” என்று சித்தி கேட்டாள். “பெரிய மனுசங்க யாரோ வாராகளாம்டி” என்று அம்மா அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். சித்தி சேலையையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கிளம்பினாள். பாதி வழியில், ஒரு கருவேல மரத்தடியில் நின்று, என்னைக் குனிந்து பார்த்தாள்.

“ஏ புள்ள, இன்னைக்கி நீ சொல்றியா?”

“எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையும். நான் வாயே தொறக்க மாட்டேன். தப்பாச் சொன்னாலும் திருத்த மாட்டேன்.”

அதன்பின் நடந்தேனா பறந்தேனா தெரியாது. மண்டபம் தானாக என்னிடம் வந்து சேர்ந்தது.

பதினோரு மணி வாக்கில் ஒரு வெள்ளைக் கார் வந்தது. பட்டுச்சேலை கட்டிய ஓர் அம்மா, அவர் வீட்டுக்காரர், வேர்வையைத் துடைத்துக்கொண்டே இருந்த அவர்கள் மகன். நான் படியேறி நின்று, “செருப்பக் கழட்டிட்டு வாங்க, காட்டுறேன்” என்றேன். குரல் கொஞ்சம் கிறீச்சிட்டது. பரவாயில்லை.

அவர்கள் நல்ல பார்வையாளர்கள் அல்ல. தூணைக் காட்டினால் தூணைப் பார்க்க மாட்டார்கள். கிளி ஏந்திய பெண் சிலையைக் காட்டினேன். பட்டுச்சேலை அம்மா சித்தியின் காலைப் பார்த்தார். கூரையைக் காட்டினேன், சித்தியின் பின்னலைப் பார்த்தார். மகன் மட்டும் பாவம், நான் காட்டிய திசையெல்லாம் கழுத்தைத் திருப்பினார்.

“நீ சொல்லும்மா, சின்னப்புள்ள என்னத்தச் சொல்லும்?” என்றார் அந்த அம்மா சித்தியிடம். சித்தி சிரித்து, என் பக்கம் கையைக் காட்டினாள்.

“இன்னைக்கி நான்தான் சொல்லணும்” என்றேன்.

கல்தொட்டி வரும்போது எனக்கு வரிசை மறந்துவிட்டது. குதிரைகள் தண்ணீர் குடித்த தொட்டி என்பதற்குப் பதிலாக, இதில்தான் ராணி குளிப்பாள் என்று வாயில் வந்துவிட்டது. திரும்பிப் பார்த்தேன். சித்தி சொன்னபடியே திருத்தவில்லை.

“இத்துனூண்டு அகலத்துலயா?” என்றார் அந்த அம்மா.

“ராணி ஒல்லி” என்றேன்.

மகன் பக்கென்று சிரித்துவிட்டு, அம்மா முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. அதன்பின் என்னை யாராலும் பிடிக்க முடியவில்லை. ராணி குளிக்கும்போது குதிரைகள் எல்லாம் கண்ணை மூடிக்கொள்ளும் என்றேன். எருக்கஞ்செடிக்கு அடியில் இன்னும் அந்தத் தண்ணீர் அப்படியே இருக்கிறது என்றேன். சொல்லும்போது அதெல்லாம் உண்மையாகவே இருந்தது. கல்லுக்கடியில் தண்ணீர் அசைவது எனக்குத் தெரிந்தது. தூண்களுக்கு நடுவே ஈரக் கூந்தலோடு ஒருத்தி போய்க்கொண்டிருந்தாள்.

“பேரென்னம்மா?” என்று அந்த அம்மா சித்தியைக் கேட்டார். நான் சொன்னேன். “என்ன படிச்சிருக்க?” நான் சொன்னேன். “குடிக்கத் தண்ணி கெடைக்குமா?” சித்தி விரலால் காவல்காரரின் தண்ணீர்ப் பானையைக் காட்டினாள். தண்ணீர் குடிக்கும் சாக்கில் அந்த அம்மா வீட்டுக்காரரிடம் திரும்பி, “வாயே தொறக்க மாட்டேங்குதே?” என்றார்.

“அடக்கமான புள்ள போல.”

“அடக்கத்துக்கும் ஒரு அளவு இருக்குல்ல. ஒரு ம்… கூட வரலியே.”

கடைசித் தூண் வரை நான் சொல்லி முடித்தேன். அவர்கள் பாதியிலேயே காருக்குப் போய்விட்டார்கள். மிச்சத்தை முறிந்த கொம்பு மானுக்குச் சொன்னேன்.

வீட்டில் மாமா வாசலிலேயே நின்றிருந்தார். சித்தி நேராக உள்ளே போய், காய்ந்த மிளகாய்க்குக் காம்பு கிள்ள உட்கார்ந்துவிட்டாள். மாமா என்னை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்து, “வந்தாகளா? சித்தி நல்லாப் பேசுச்சா?” என்றார். குரலில் வெல்லம். ஆனால் அவர் கை என் காதுக்கு எவ்வளவு பக்கத்தில் இருந்தது என்பதைத்தான் நான் பார்த்தேன். அடுத்த பஸ் நாலு மணிக்கு.

“சித்திதான் எல்லாம் சொன்னாக” என்றேன். “நான் வாயே தொறக்கல.”

உள்ளே மிளகாய் கிள்ளுகிற சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டது.

புதன்கிழமை தரகர் வந்தார். காப்பியை வாங்கி வைத்துக்கொண்டு குடிக்காமல், துண்டின் நுனியைத் திருகிக்கொண்டு சொன்னார்: “தப்பா நெனைக்கக் கூடாது. அவுக பக்கம் யோசிக்காக. பொண்ணுக்கு… பேச்சு வராதாமே? முன்னாடியே சொல்லிருக்கலாம்ல.”

மாமாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்துவிட்டார். “யாருக்கு? என் தங்கச்சிக்கா? அது பேச்ச நிறுத்தச் சொல்லித்தான்யா ஊர்ல இருக்கிற சாமிய எல்லாம் கும்பிட்டுக்கிட்டிருக்கோம்!”

“அவுக கண்ணால பாத்துட்டு வந்து சொல்றாகண்ணே.”

“இந்தா, இந்தப் புள்ளதான் கூடவே நின்னுச்சு. ஏ பாப்பா, இங்க வா. யாரு பேசுனது?”

தரகர், மாமா, கதவோரம் அம்மா. அம்மா என்னை உற்றுப் பார்த்தாள். முதல் பொய்யைச் சொல்லத்தான் பயம் வேண்டும். இரண்டாவது பொய் தன் காலில் நடந்து வந்துவிடும்.

“சித்திதான்” என்றேன். “கல்தொட்டியில குதிர தண்ணி குடிக்கும்னு சொன்னாக.”

“கேட்டுக்கிட்டீரா? பச்சப்புள்ள பொய் சொல்லுமா?” மாமாவின் குரல் தெருவுக்கே கேட்டது. “வேணாம்னா வேணாம்னு சொல்லிட்டுப் போகணும். இல்லாத கொறையக் கட்டிவிடுற குடும்பத்துல எங்க புள்ளயக் குடுக்க மாட்டோம். போய்ச் சொல்லும்.”

தரகர் காப்பியை வைத்துவிட்டுப் போனார். அதன்பின் ரொம்ப நாளைக்கு அந்த வீட்டில் மாப்பிள்ளைப் பேச்சு எழவில்லை. பேச்செடுத்தால் மாமா அந்த அவமானத்திலிருந்து ஆரம்பிப்பார். கேட்கிறவர்கள் எழுந்து போய்விடுவார்கள்.

அன்று சாயங்காலம் கொல்லையில், துணி துவைக்கிற கல்லில் சித்தி உட்கார்ந்திருந்தாள். முந்தானையை வாயில் அடைத்திருந்தாள். முதுகு குலுங்கியது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. ராணியைத் தொட்டியில் குளிக்கவைத்தது நான். அதனால்தான் அவர்களுக்குப் பிடிக்காமல் போய், சித்தியின் கல்யாணம் நின்று, சித்தி இப்படி அழுகிறாள். கிட்டப் போய், “இனிமே தப்பாச் சொல்ல மாட்டேன் சித்தி” என்றேன். அவள் என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு இன்னும் அதிகமாகக் குலுங்கினாள். ஈரக் கையால் என் வாயைத் தடவிக் கொடுத்தாள்.

அடுத்த ஞாயிறு ஒரு வேனும் வரவில்லை. காவல்காரர் அரளி நிழலில் தூங்கிப்போனார். இன்றைக்குத் தப்பில்லாமல் சொல்லிக் காட்டுவது என்று வழியெல்லாம் ஒப்பித்துக்கொண்டே வந்திருந்தேன். “நான் சொல்லவா சித்தி?” என்றேன்.

“வேணாம்டி. இன்னைக்கி நானே பேசுறேன்.”

“யாருமே இல்லியே?”

அவள் அதைக் காதில் வாங்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். முதல் தூணில் கை வைத்து, வெறும் மண்டபத்தைப் பார்த்து, “வாங்க” என்று ஆரம்பித்தாள். நாற்பத்திரண்டு தூண்களுக்கும் சொன்னாள். எந்தத் தூணையும் விடவில்லை, எதற்கும் அவசரப்படவில்லை. குரல் உயர்ந்து, கூரையில் பட்டு, அவளிடமே திரும்பி வந்தது. திரும்பி வந்ததை நின்று கேட்டுவிட்டு மேலே சொன்னாள். ஓரிடத்தில் பாட்டு மாதிரி இழுத்தாள். ஓரிடத்தில் சத்தம் போட்டுச் சிரித்தாள். வெயில் ஒரு வரிசைத் தூண்களைத் தாண்டி அடுத்த வரிசைக்கு நகர்ந்திருந்தது. கல்தொட்டிக்கு வந்தபோது, இதில்தான் ராணி குளிப்பாள் என்றாள்.

நான் படியில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒருநாள் கொடுத்துவிட்டு மறுவாரமே பிடுங்கிக்கொண்டாளே என்று எனக்கு அழுகை வந்தது. ஆளே இல்லாத இடத்தில் அவள் ஏன் இத்தனை நேரம் பேசுகிறாள், போதும் என்று ஏன் நிறுத்தமாட்டேன் என்கிறாள் என்று கோபம். இதற்கு என்னிடமே விட்டிருக்கலாம், நான் அவளைவிட நன்றாகச் சொல்லியிருப்பேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.