மாப்பிள்ளைக் காருக்குள் வந்த தண்ணீர்

இதை எழுத எனக்குப் பல வருடமாகக் கை வரவில்லை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் என்பது ஒரு சாக்கு. தப்பு என்னுடையது என்பதுதான் காரணம்.

துடியலூரில் அப்பாவிடம் மேல்துணியை மடக்கிவிடுகிற பழைய கார் ஒன்று இருந்தது. மாப்பிள்ளை அழைப்பு என்றால், பூ ஜோடித்து அதில்தான் மாப்பிள்ளையை உட்கார வைத்து ஊர்வலம் வருவார்கள். ஒரு வருடம் மழை தொடங்கியதும் கார் ஒழுகத் தொடங்கியது. ஒரு மாப்பிள்ளை இறங்கும்போது பட்டுவேட்டியின் பின்பக்கம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. "ஏனுங்க மாப்ள, பொண்ணைப் பாக்கறதுக்கு முன்னாடியே இப்படிங்களா?" என்று யாரோ கேட்க, தெருவே சிரித்தது. அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

கண்ணாடியைச் சுற்றியிருந்த ரப்பர் பீடிங்கை மாற்றினார். மேல்துணியின் தையலில் மெழுகு தேய்த்தார். அடுத்த மழைக்கும் கால் வைக்கிற இடத்தில் தண்ணீர் நின்றது. ஐப்பசியில் அம்மாவின் தம்பிக்கு, என் மாமாவுக்குக் கல்யாணம்.

"ஊரான் ஊட்டு மாப்ளைன்னா மன்னிப்புக் கேட்டுக்கலாம். உன்ற தம்பியும் நனைஞ்சு எறங்குனா, அப்பறம் எந்தக் கல்யாணத்துக்கும் இந்தக் காரை எடுக்க மாட்டேன் அம்மணி," என்றார் அம்மாவிடம்.

மாமா வேறு வழி சொன்னார். "எவனோ பொறாமையில ஓட்டை போட்டிருக்கானுங்க மச்சான். ஆனைமலைக்குப் போயி மொளகா அரைச்சுட்டு வந்துரலாம்." அங்கே மாசாணியம்மனிடம் முறையிட்டு, மிளகாய் அரைத்துக் கோயில் கல்லில் பூசினால் தப்பு செய்தவர் தப்ப முடியாது. நானும் பலமாகத் தலையாட்டினேன். அப்போது எனக்கு ஒன்பது வயது.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கையில், அம்மா முகப்பவுடர் டப்பாவோடு காருக்குள் ஏறினார். பீடிங் ஓரமெல்லாம் உள்பக்கமாகத் தூவினார்.

"ஏனுங்க, ஒரேயடியா ஊத்தாதீங்க. கீழ இருந்து மேல, ஒவ்வொரு எடமா ஊத்துங்க. பவுடர் எங்க நனையுதோ அதுதான் ஓட்டை."

அப்பா குழாயைப் பிடித்தார். கதவு, கண்ணாடி, மேல்துணி என்று எங்கும் பவுடர் நனையவில்லை. அம்மாவின் கால்தான் நனைந்தது. பின்சீட்டுக்குப் பின்னாலிருந்து தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

அங்கே மேல்துணியை மடக்கி வைக்கிற பள்ளத்தின் மூலையில் ஒரு சின்ன ஓட்டை உண்டு. துணியில் வழிகிற மழைத்தண்ணீர் அதில் இறங்கிக் காருக்கு அடியில் போய்விட வேண்டும். அப்பா கம்பியை விட்டுக் குடைந்தார். ஊறிப் புளித்த மஞ்சள் அரிசி கட்டி கட்டியாய் வந்தது. அட்சதை!

ஒவ்வொரு ஊர்வலமும் முடிந்ததும், சாமி அரிசி மிதிபடக் கூடாதென்று சீட்டில் கிடந்ததைப் பொறுக்கி, கோயில் உண்டியலில் போடுவதுபோல் அந்த ஓட்டையில் போட்டு விரலால் அமுக்கியது நான்தான். அப்பாவின் காருக்கு நிறையக் கல்யாணம் வரவேண்டும் என்று ஒவ்வொரு பிடிக்கும் அம்மனை வேண்டிக்கொள்வேன். அம்மன் கொடுத்தாள். கல்யாணம் கூடக் கூட அரிசியும் கூடியது.

"ஆரு போட்டது?" என்றார் அப்பா. மிளகாய் நினைவு வந்து எனக்குக் கண் எரிந்தது.

அம்மா என் முகத்தை ஒரு தரம் பார்த்தார். "நாந்தானுங்க. மிதிபடக் கூடாதுன்னு போட்டுப்போட்டேன்."

"அப்ப ஆனைமலை வரைக்கும் போக வேண்டியதில்லை. ஊட்டு அம்மியிலயே மொளகா அரைச்சுக்கலாம்," என்று அப்பா சிரித்தார். உள்ளே ஒட்டியிருந்த மிச்சத்தை எடுக்க அவர் சுண்டுவிரல் நுழையவில்லை. அம்மாவின் விரலும் நுழையவில்லை. "கண்ணு, நீ வா. உன்ற விரலு போகும்," என்றார் அப்பா. போயிற்று. முழுவதையும் நானே எடுத்தேன். அப்பாவுக்கு உதவுகிறோம் என்ற பெருமை வேறு எனக்கு.

மாமாவின் ஊர்வலத்தன்று நல்ல மழை. மேல்துணியை இழுத்துவிட்டு மெல்லப் போனோம். மாமா காய்ந்த வேட்டியோடு இறங்கினார்.

இன்றைக்கும் எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் அட்சதைத் தட்டு அம்மாவிடம் வந்தால், "பாத்துங்க அத்தை, காருக்குள்ள போட்றாதீங்க," என்று கேலி நடக்கும். அம்மா சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வார். பெரியவர்கள் விரல் நுழையாத ஓட்டையில் அரிசியை அமுக்கியது யாரென்று அப்பாவுக்கு அன்றே தெரிந்திருக்கிறது. என் மகளுக்கு ஒன்பது வயதாகி, அவள் விரலைப் பிடித்துக்கொண்டு நடந்த ஒரு நாளில்தான் அது எனக்கு உறைத்தது. இப்படிப்பட்ட இரண்டு பேருக்கு என்னைப் பிறக்க வைத்த அம்மனைக் கும்பிடாமல் நான் ஒரு வாய் சோறு உண்பதில்லை.

சொந்தபந்தங்களே, இனி இதைச் சொல்லும்போது கூட்டாமல் குறைக்காமல் இப்படியே சொல்லுங்கள். அரிசியைப் போட்டது நான். அம்மாவிடம் கேட்டால் இல்லையென்பார். நம்பாதீர்கள்.