வலது பாதத்தின் மேல் ஒரு வீக்கம்

2011 பிப்ரவரியில் நான் கீரப்பாளையம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை. வீடு கடலூரில். தினமும் சிதம்பரம் போய் பஸ் மாற வேண்டும். ஒரு மாலை, கடலூரில் பஸ்ஸைவிட்டு இறங்கிக் காலை ஊன்றியபோது வலது பாதத்தின் மேற்புறம் சுரீரென்றது. வீட்டில் செருப்பைக் கழற்றினால், வாரின் தடம் பள்ளமாகப் பதிந்து இருபுறமும் சதை உப்பியிருந்தது. நான் எங்கும் விழவில்லை, இடறவில்லை.

"ஏதாவது பூச்சி கடிச்சிருக்கும்" என்றார் கணவர். டார்ச் அடித்துப் பார்த்தோம். கடித்த தடமே இல்லை.

மறுநாள் காலை வீக்கத்தைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டேன். மாலையில் அது கோட்டைத் தாண்டியிருந்தது. அடுத்த காலையில் கோட்டுக்குள் அடங்கியிருந்தது. விரலால் அழுத்திக்கொண்டே போனேன். இரண்டாவது விரலுக்கு நேர் மேலே, ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தில் மட்டும் உயிர் போனது. பயத்தைவிட, இது என்னவாக இருக்கும் என்ற ஆர்வம்தான் எனக்கு அதிகம்.

பயந்தவர் தலைமையாசிரியை. அறைக் கதவைச் சாத்திவிட்டு, "தப்பா நெனச்சிக்காதீங்க டீச்சர். யானைக்காலா இருந்துடப் போவுது. நம்ம பக்கம் இருக்கறதுதான? ரத்தம் குடுத்துப் பாத்துடுங்க" என்றார். கொடுத்தேன். இல்லை என்று வந்தது. கீல்வாதமோ என்று பார்த்த யூரிக் ஆசிட்டும் சரியாகவே இருந்தது.

கடைசியாக சிதம்பரத்தில் ஓர் எலும்பு டாக்டரம்மாவிடம் போனேன். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டினார். எலும்புகள் ஒரு குறையும் இல்லாமல் வரிசையாக நின்றன.

"புதுசா ஏதாவது செஞ்சீங்களா?"

"ஒண்ணுமில்ல டாக்டர். ஸ்கூல் வேலதான். அப்புறம் சென்சஸ்."

அவர் சட்டென்று என் பக்கம் திரும்பினார். "எத்தன வீடு?"

"நூத்தம்பது இருக்கும். ஸ்கூல் விட்டதும் நடந்தே போவேன்."

"இந்தச் செருப்புலயா?"

இருவரும் குனிந்து பார்த்தோம். அடிப்பாகம் அப்பளம்போல் தேய்ந்திருந்தது.

"நடந்து நடந்தே எலும்புல விரிசல் விடும்மா. பட்டாளத்துல புதுசா சேர்ற பசங்களுக்கு ஜாஸ்தி வரும். ஆரம்பத்துல எக்ஸ்ரேல தெரியாது. இப்ப கட்டுப் போட்டுவிடறேன். காலுக்கு ஓய்வு குடுத்துட்டு மூணு வாரம் கழிச்சு வாங்க."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. நடப்பதெல்லாம் ஒரு வேலையா, அதில் எலும்பு விரியுமா?

கணக்கெடுப்பில் ஒரே ஒரு தெரு பாக்கி இருந்தது. சக ஆசிரியை ஒருவர் தன் ஸ்கூட்டியில் என்னை வீட்டுக்கு வீடு கொண்டுபோய் இறக்கினார். கட்டுப் போட்ட காலைப் பார்த்ததும் நான் கேட்கவேண்டிய கேள்விகள் பின்னால் போய்விட்டன. ஒவ்வொரு வீட்டிலும் என்னைக் கேட்டார்கள்: எப்ப வந்தது, எங்க வலிக்குது, என்ன சாப்பிடறீங்க. ஒரு அம்மா நாற்காலி போட்டு என் காலை அதன்மேல் தூக்கி வைத்துவிட்டுத்தான் தன் வயதைச் சொன்னார். "எங்கள எண்ணப் போயி கால ஒடச்சிக்கிட்டீங்களே டீச்சர்!" என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில், இரண்டாவது விரலுக்குப் போகும் எலும்பைச் சுற்றிப் பஞ்சு ஒட்டியதுபோல் ஒரு வெண்மை. பழைய படத்தையும் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். அதே எலும்பு, அதே இடம். பழையதில் ஒன்றுமே இல்லை.

"விரிஞ்சது தெரியல, ஒட்டறது மட்டும் தெரியுதா டாக்டர்?"

"ஆமா. புது எலும்பு வளர்ந்தாத்தான் படத்துல விழும்."

ஏப்ரலில் வலி போய்விட்டது. கெட்டியான அடி உள்ள செருப்பு வாங்கிக்கொண்டேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கும் நாட்களில், குனிந்து அந்த இடத்தைத் தடவிப் பார்ப்பேன். தோலுக்கு அடியில் பட்டாணி அளவில் ஒரு மேடு தட்டுப்படும்.