மணிக்கட்டில் ஒரு முஞேக்கா

நான் ஆசைப்பட்டுக் கற்ற முதல் அந்நிய மொழி ஆங்கிலம் இல்லை, ஸ்பானிஷ். அதிலும் ஒரே ஒரு சொல்தான் உருப்படியாக வந்தது. அந்த ஒன்றை வைத்துக்கொண்டே சாந்தோமில் எங்கள் சந்து முழுவதையும் ஆட்டி வைத்தேன்.

எழுபதுகளின் தொடக்கம். அப்பாவின் தங்கையை ஸ்பெயினுக்கு நர்ஸ் படிப்புக்கு அனுப்புவதென்று வீட்டில் முடிவாகியிருந்தது. முடிவு செய்தது அப்பா. அங்கிருந்து வரப்போகும் மதர், பாஷை கொஞ்சமாவது வருகிற பெண்களைத்தான் அழைத்துப்போவாராம். அதற்காகக் கன்னியர் மடத்தில் மாலை வகுப்பு நடந்தது. குழாயடியில் ஊர் வாயையே அடைக்கிற அத்தை, ஸ்பெயின் பேச்சு வந்தால் மட்டும் "அண்ணன் சொன்னா சரி" என்பதோடு நிறுத்திக்கொள்வாள். வகுப்பில் படித்ததை எனக்கு அடுப்படியில் சொல்லித்தருவாள்.

ஒருநாள் மாவாட்டிக்கொண்டிருந்தவள், ஈரக் கையோடு என் மணிக்கட்டைப் பிடித்து, "இது முஞேக்கா" என்றாள். பிறகு மூலையில் கிடந்த என் ஒற்றைக்கண் பொம்மையைக் காட்டி, "அதுவும் முஞேக்கா" என்றாள்.

"ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லியே அத்தை?"

"நம்ம ஊர்ல மட்டும் என்ன வாழுதாம்? சாயங்காலமும் மாலை, கழுத்துல போடறதும் மாலை. யாராவது காரணம் கேட்டோமா?"

எனக்குத் தலைகால் புரியவில்லை. என் கையிலேயே ஒரு பொம்மை ஒளிந்திருக்கிறது என்றால் சும்மா விடலாமா? அம்மாவின் கண்மையை எடுத்து மணிக்கட்டில் கண், மூக்கு, சிரிக்கிற வாய் எல்லாம் வரைந்தேன். கையை மடக்கினால் அது தலையாட்டியது.

"இன்னாடி இது, கையில மூஞ்சி கீது?" என்றாள் பக்கத்து வீட்டுத் தோழி.

"முஞேக்கா. ஸ்பெயின்ல இப்படித்தான்."

மறுநாள் சந்தில் மை இல்லாத மணிக்கட்டே இல்லை. மை டப்பாவைக் காணாத தாய்மார்கள் எங்கள் வாசலில் வந்து நின்றது தனிக்கதை.

மதர் வந்த அன்று அத்தை என்னைத் துணைக்குக் கூட்டிப்போனாள். மதருக்குச் சிவந்த கன்னம், கணீர்க் குரல். நாற்காலி, சன்னல், குடை என்று ஒவ்வொன்றாகக் காட்டிக் கேட்டார். மற்றப் பெண்கள் தட்டுத்தடுமாறியாவது சொன்னார்கள். அத்தையோ எதைக் காட்டினாலும் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்திலிருந்த தமிழ் சிஸ்டர், "சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்" என்று முணுமுணுத்தார். அத்தை தோற்றுவிட்டால் சந்தில் என் மானம் என்னாவது?

கடைசியாக மதர் தன் மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினார்.

அம்மா என்னை முந்திரிக்கொட்டை என்று சும்மாவா சொன்னாள்? துள்ளி எழுந்து, "முஞேக்கா" என்று கத்தினேன். கையை நீட்டி மைப் பொம்மையைத் தலையாட்ட வைத்தேன். "அத்தைதான் சொல்லிக்குடுத்தாங்க சிஸ்டர். அவங்களுக்கு நெறைய தெரியும். நாற்காலி, சன்னல் எல்லாம் வீட்ல மளமளன்னு சொல்வாங்க."

மதர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிஸ்டர் சிரிக்கவில்லை. அத்தையைக் கூர்ந்து பார்த்து, "தெரிஞ்சும் பேசாமயா உக்காந்திருந்தே? சொல்லும்மா" என்றார்.

அத்தை ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு நாற்காலியில் தொடங்கிக் குடை வரைக்கும் ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தாள். குழாயைத் திறந்துவிட்டது போல் கொட்டியது ஸ்பானிஷ். அங்கேயே அவள் பெயரை எழுதிக்கொண்டார்கள்.

வெளியே வந்ததும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. "அப்பாகிட்ட நான்தான் மொதல்ல சொல்லுவேன்" என்றேன்.

"சொல்லு. ஆனா இப்பவே வீட்டுக்கு வேணாம் கண்ணு. கொஞ்ச நேரம் கடலப் பாத்துக்கினு இருக்கலாம்."

குரல் கம்மியிருந்தது. அத்தனை வார்த்தைகளை ஒரே மூச்சில் சொன்னால் யாருக்குத்தான் தொண்டை கட்டாது? ஜெயித்ததற்கு எனக்குச் சுண்டல் வாங்கித்தரத்தான் கடற்கரைக்குக் கூப்பிடுகிறாள் என்று முடிவுகட்டிக்கொண்டு, மணலில் அத்தைக்கு வெகுதூரம் முன்னால் ஓடினேன்.