பிணங்குகிற பெட்டி

கேரள எல்லையோரம், குன்னத்துகாலில் ஒரு பழைய இரும்புக் கடையில் வேலை பார்த்தேன். அதற்கு முன் எந்த ஊரிலும் ஆறு மாதம் தங்கியதில்லை. எட்டாம் வகுப்போடு கிளம்பியவன். மார்த்தாண்டத்தில் மோட்டார் வைண்டிங், மங்களூரில் படகுக்குப் பெயின்ட், பிறகு இது. கடைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் படுக்கை. மழை வந்தால் எழுந்து உட்கார்ந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

கோவளம் பக்கம் இடித்த ஒரு விடுதியிலிருந்து டெம்போவில் சாமான்கள் வந்தன. கட்டிலுக்கும் குழாய்க்கும் நடுவே, நான்கு கால்களில் சரிந்து நிற்கும் ஒரு கண்ணாடிப் பெட்டி. பின்பால் ஆட்ட இயந்திரம். அதன் தலைப்பலகையில் இரண்டு நிலாக்கள், நடுவே ஒரு விண்கப்பல், ஒற்றைக்கண் ரோபோ ஒன்று.

"உள்ள செம்புக் கம்பி ஏராளம் உண்டு. சனிக்கிழமை ஒடைச்சிரு மக்கா" என்றார் முதலாளி.

வைண்டிங் பழகிய கை சும்மா இருக்கவில்லை. பியூஸ் மாற்றினேன், கரி பிடித்த இடங்களைச் சுரண்டினேன், செவ்வாய்க்கிழமை காலை சுவிட்சைப் போட்டேன். இரண்டு நிலாக்களும் எரிந்தன. ஒற்றைக்கண் சிவப்பாகத் திறந்தது. கரகரத்த குரலில் என்னவோ சொன்னது. இங்கிலீஷ்தான். எனக்கும் முதலாளிக்கும் அது "வாடா மோனே", வாடா மகனே, என்று விழுந்தது. எத்தனையோ இயந்திரங்களை ஏற்றி இறக்கியிருக்கிறேன். ஒன்றுகூட என்னைக் கூப்பிட்டதில்லை.

எஃகுப் பந்து மேலே பாயும். கிரகங்களில் மோதி எண்ணைக் கூட்டும். கீழே விழ வரும்போது இரண்டு குட்டைக் கைகளால் தட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். ஓர் ஆட்டத்துக்கு மூன்று பந்து. தலைப்பலகையில் முப்பது லட்சம் என்று ஓர் எண் மின்னியது, பக்கத்தில் மூன்று இங்கிலீஷ் எழுத்து. முன்பு ஆடிய யாரோ ஒரு வெள்ளைக்காரன் என்று முடிவு செய்துகொண்டோம்.

"அவன முந்தினா ஒடைக்கப்பிடாது, மொதலாளி" என்றேன்.

"நீயா? சனிக்கிழமை உச்சைக்குள்ள முந்திக் காட்டு, பாப்பம்" என்று சிரித்தார்.

நான்கு நாட்கள் மதியச் சோற்றை விட்டு ஆடினேன். பதினெட்டு லட்சத்தைத் தாண்டவில்லை. ஆட்டோக்காரர்களும் ரப்பர் வெட்டுகிறவர்களும் வந்து ஆடினார்கள். பந்து நழுவினால் எல்லோரும் பெட்டியைப் பிடித்து உலுக்குவார்கள். அதிகம் உலுக்கினால் விளக்கெல்லாம் அணைந்து, கைகள் செத்துவிடும். "பெணங்கிட்டு" என்பார் முதலாளி. அதுவே அந்தத் தோல்விக்குப் பெயராகிவிட்டது.

சனிக்கிழமை பத்து மணிக்கு, முதலாளி சுத்தியலை எடுத்து வைத்தாயிற்று. காரோடு என்ற ஊரின் கடற்கரையிலிருந்து ஒரு மீன்பிடிக்காரர் பழுதான படகு எஞ்சினை விற்க வந்தார். கடல் கொந்தளிப்பால் பத்து நாளாக அவருக்குத் தொழில் இல்லை. நான் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எலே, எதுக்கு அதுகிட்ட மல்லுக்கு நிக்கிய? அலைக்குள்ள வள்ளம் எறக்குதது போல நிக்கணும். நேரம் பாத்து ஒரு தள்ளு. அம்புட்டுதான் ஆக்கும்."

"அப்ப நீங்க ஆடுங்க அண்ணே" என்று விலகினேன்.

முதல் பந்து கண்மூடித் திறப்பதற்குள் போயிற்று. "கடலுல மீனு இல்லேண்ணு இங்க வலை வீச வந்தீரா?" என்று முதலாளி கேலி செய்தார். இரண்டாவது பந்தில் மீன்காரர் இடுப்பைப் பெட்டியோடு ஒட்டிவைத்தார். பந்து விளிம்புக்கு வரும்வரை அசையவே இல்லை. வந்ததும் ஒரு விரற்கடை சாய்ந்தார். பந்து திரும்பியது. பெட்டி பிணங்கவில்லை. நான் கையால் செய்ததை அவர் காத்திருந்து செய்தார். மூன்றாவது பந்தில் இருபத்தெட்டு, இருபத்தொன்பது... முப்பதைத் தாண்டியதும் பெட்டிக்குள் எதுவோ 'டக்' என்று அடித்தது. துப்பாக்கி வெடித்ததுபோல் எல்லோரும் துள்ளினோம்.

பெட்டி மூன்று எழுத்து கேட்டது.

"எனக்க பேரு எதுக்கு மக்கா? வள்ளத்துக்க பேரப் போடு." சிலுவை போட்டுக்கொண்டார். படகின் பெயர் நீளம். முதல் மூன்று எழுத்தைப் போட்டேன். வெள்ளைக்காரன் கீழே இறங்கினான்.

முதலாளி சுத்தியலைத் தராசுத் தட்டில் வைத்துவிட்டு வந்தார். "எனக்கும் ஒரு பந்து உண்டா?" முதல் நழுவலிலேயே லாரியைத் தள்ளுவதுபோல் தள்ளினார். இரண்டு நிலாக்களும் அணைந்தன.

"மொதலாளி, தொடங்குமுன்ன பெணக்கிட்டீரே!" என்றார் மீன்காரர்.

முதலாளி சிரிக்கவில்லை. கண்ணாடிமேல் உள்ளங்கையை மெல்ல வைத்துக் குனிந்தார். "பெணங்காத மோளே" என்றார்.