எட்வினுக்காக ஒரு மன்றாட்டு

பாக்கியரத்தினம் பென்சன் எடுக்கும்வரை திருகோணமலைத் தபாலகத்தில் தந்தி அனுப்பிக்கொண்டிருந்தவர். அழுதுகொண்டு வந்து நிற்பவர்களின் நீண்ட கதையைக் கேட்டு, வேண்டிய சொற்களை மட்டும் எடுத்து எழுதி, "இது காணுமோ?" என்று வாசித்துக் காட்டுவார். காணும், போதும் என்பார்கள். பிறகு மாதா கோவிலில், பூசையில் சனங்களுக்காக மன்றாட்டு வாசிக்கும் பொறுப்பு அவருக்கு வந்தது. சுற்றிவளைத்துச் சொன்னால்தான் கடவுளுக்கு விளங்கும் என்று நினைப்பதே அவருக்கு அவமரியாதையாகப் பட்டது.

தொண்ணூறாம் ஆண்டு ஆவணியில், கப்பல்துறை ஊருக்குக் கிட்ட, துப்பாக்கியோடு நின்றவர்கள் பஸ்ஸை மறித்துப் பிலோமினாவின் மகன் எட்வினை இறக்கிக் கொண்டுபோனார்கள். அதன்பிறகு ஒரு தகவலும் இல்லை. நவம்பர் பிறக்கிற நேரம் பிலோமினா பாக்கியரத்தினத்தின் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணை, செத்த ஆத்துமாக்களின்ர பூசையில எட்வின்ர பேரையும் வாசிக்கப் போறியளாம். குலசிங்கம் மாஸ்ரர் எழுதிப்போட்டாராம். என்ர பிள்ளை செத்தவனெண்டு ஆர் அவருக்குச் சொன்னது? உயிரோட திரும்பி வரவேணுமெண்டு பேர் சொல்லி மன்றாடுங்கோ. அது காணும்."

பாக்கியரத்தினம் நேரே பங்குச் சபைத் தலைவர் குலசிங்கத்தின் வீட்டுக்குப் போனார். மாஸ்ரர் கதிரையை விட்டு எழும்பவில்லை.

"உயிரோட எண்டு வாசிச்சால், ஆர் கொண்டுபோனதெண்டு கதை எழும்பும். செத்தவையோட சேர்த்துவிட்டால் ஒருத்தரும் கேக்கமாட்டினம். தாய்க்கும் ஆறுதல்."

"தாய்க்கோ, உங்களுக்கோ?"

"உம்மட தந்திக் குத்தலை இஞ்ச கொண்டுவராதையும். வேணுமெண்டால் பொதுவாய் ஒண்டு எழுதியிருக்கிறன், அதையும் வாசியும்."

கொடுத்த தாளில், காலச் சுழலில் கலங்கும் இதய மலர்கள் அமைதித் தென்றலில் அசைந்தாடவேண்டும் என்று இருந்தது. பாக்கியரத்தினத்துக்கு அது, வெயிலில் கிடந்து நாறும் மீன்குடலின்மேல் பன்னீர் தெளித்த மாதிரி இருந்தது. அதில் தாயும் இல்லை, மகனும் இல்லை, மறித்த பஸ்ஸும் இல்லை.

பூசையன்று மரித்தவர்களின் பெயர்களை வாசித்தார். எட்வினின் பெயரை விட்டார். பிறகு மன்றாட்டு. மழைக்காக மன்றாடினார். "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று கோவில் முழங்கியது. குலசிங்கத்தின் குரல்தான் எல்லாருக்கும் மேலே. அடுத்ததாக, கையில் தாள் இல்லாமல் சொன்னார்:

"ஆண்டவரே, பஸ்ஸில் இருந்து இறக்கிக் கொண்டுபோகப்பட்ட எட்வினை உயிரோடு தாயிடம் அனுப்பும்."

கோவில் வாயை மூடிக்கொண்டது. குலசிங்கம் கைலேஞ்சியை எடுத்து மூக்கைத் துடைத்தார். பிலோமினாவின் குரல் மட்டும் பதில் சொன்னது. பாக்கியரத்தினம் அடுத்ததுக்குப் போகவில்லை. அதையே மறுபடியும் சொன்னார். இந்தமுறை பெண்கள் பக்கத்தில் இருந்து நாலைந்து குரல்கள் சேர்ந்தன.

பூசை முடிந்து வெளியே வந்ததும் குலசிங்கம் மறித்தார். "இனி நீர் வாசிக்கத் தேவையில்லை."

"மழைக்குத் திறந்த வாய் மாஸ்ரர், பொடியனுக்குத் திறக்க ஏலாமப் போச்சுதோ?"

குலசிங்கம் சைக்கிளை எடுத்தார். பின்னால் நின்ற பிலோமினா கேட்டாள், "அப்ப வாற ஞாயிறு என்ர பிள்ளைக்கு ஆர் மன்றாடுறது அண்ணை?"

"நீயே எழும்பிச் சொல்லு பிள்ளை."

"எனக்குப் பெரிய கதையொண்டும் வராதே."

"நல்லதாப் போச்சு. பெரிய கதை கேட்டுக் கேட்டு எனக்கு ஓங்காளிச்சுச் சத்திதான் வருது."

ஞாயிற்றுக்கிழமை குலசிங்கமே வாசித்தார். மலர்களும் தென்றலும் வந்து போயின. அவர் தாளை மடிக்கமுதல் பிலோமினா எழும்பினாள். "ஆண்டவரே, என்ர மகன் எட்வினை எனக்குத் திருப்பித் தாரும்" என்றாள். குலசிங்கம் பீடத்தைப் பார்த்தபடி நின்றார். அந்த முதுகைப் பார்க்கப் பார்க்கப் பாக்கியரத்தினத்துக்கு அருவருப்பு அடங்கவில்லை. அந்த அருவருப்போடேயே எழுந்து, தொண்டை கிழியப் பதில் சொன்னார். பெண்கள் பக்கம் முழுவதும் அவரோடு சேர்ந்து சொன்னது.