ஆம்பிளைகள் முதலில் வந்த ஊர்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். புதிதாக ஒருவரைக் கண்டால் பெயரைக் கேட்கும் முன்பே ஊரைக் கேட்டுவிடுவேன். யாழ்ப்பாணத்தார் எல்லாருக்கும் உள்ளதுதான். எனக்குக் கொஞ்சம் முற்றிவிட்டது. ஊரைச் சொன்னால் எனக்குப் போதாது. ஊரில் எந்தப் பக்கம், எந்த ஒழுங்கை, ஆருடைய வீட்டுக்குக் கிட்ட என்றெல்லாம் தெரிந்தாக வேண்டும். டென்மார்க்கில் எஸ்பியர்க் என்ற துறைமுக ஊரின் மீன் தொழிற்சாலையில் சேர்ந்த முதல் மாதமே, கைவசம் இருந்த நாலு டேனிஷ் சொற்களை வைத்துக்கொண்டு, மீன் ஓடும் பெல்ட்டில் நின்ற அத்தனை பேரையும் விசாரித்து முடித்தேன்.

எல்லாரும் எஸ்பியர்க் என்றார்கள். விடுவேனா? தகப்பன் எவடம், பாட்டன் எவடம் என்று தோண்டினேன். ஒருவருடைய பாட்டன் வடக்கே இருந்து வந்தவர், இன்னொருவருடைய பாட்டன் ஏதோ தீவிலிருந்து, மற்றவருடைய பாட்டன் ஜெர்மன் எல்லைப் பக்கம். பாட்டனுக்கு மேலே போனால் எஸ்பியர்க் ஆள் என்று ஒருவரும் அகப்படவில்லை. எங்கள் கல்யாணத் தரகர் ஒருவர் இங்கே தொழில் செய்தால் பைத்தியம் பிடித்துத்தான் திரும்பியிருப்பார்.

என் டேனிஷ் கொஞ்சம் தேறியதும், என் பக்கத்தில் நின்று மீன் வெட்டிய பெண்மணிதான் விளக்கம் சொன்னார். ஐம்பதைத் தாண்டியவர். கத்தி போகிற வேகத்துக்கு வாயும் போகும். அவர் பேசியது டேனிஷ்; என் காதில் விழுந்தது எப்போதும் எங்கள் தமிழாகத்தான்.

"பாட்டன்ரை பாட்டனைத் தேடாதையும். அப்ப இஞ்சை ஊரே இல்லை."

தெற்கே ஜெர்மன்காரரோடு நடந்த சண்டையில் டென்மார்க் தோற்று, நிலமும் துறைமுகங்களும் கைவிட்டுப் போய்விட்டனவாம். இங்கிலாந்துக்குச் சாமான் ஏற்ற மேற்குக் கடலில் ஒரு துறைமுகம் வேண்டுமென்று அரசாங்கம் இந்த மணல் மேட்டைத் தேர்ந்தெடுத்ததாம். அப்போது இங்கே ஒன்றிரண்டு பண்ணை வீடுகள்தான். துறைமுகம் எழும்ப எழும்ப வேலை தேடி நாலா பக்கமிருந்தும் ஆட்கள் வந்து விழுந்தார்கள். அவருடைய பாட்டன் வந்தபோது தெருக்களுக்குப் பெயர் வைத்துவிட்டார்களாம், தெருவைத்தான் காணோமாம். வீட்டுச் சுவர் காயும் முன்பே ஆட்கள் குடிபுகுந்துவிடுவார்களாம். ஒரு கட்டிலில் பகல் வேலைக்காரன் எழும்ப இரவு வேலைக்காரன் படுப்பானாம். எனக்குச் சிரிப்பு வந்தது. நாங்களும் அப்போது இரண்டு அறையில் ஐந்து ஆம்பிளைகள்.

"அப்ப பெண்சாதி பிள்ளையள்?" என்று கேட்டேன்.

"ஆம்பிளையள்தான் முதல்லை. அவை பிறகு வந்தவை."

"ஆர் அனுமதி குடுத்தது? எத்தினை மாசம் எடுத்தது?"

அவர் கத்தியை நிறுத்திவிட்டுச் சிரித்தார். "அனுமதியோ? ரயில் டிக்கெட் எடுத்தா வாறதுதானே."

என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அன்றுதான் அவருக்குச் சொன்னேன். நான் அகதியாக ஊரைவிட்டு வெளிக்கிடும்போது மனைவி கர்ப்பிணி. மகள் பிறந்தது கடிதத்தில்தான் தெரியும். இரண்டு பேரையும் இங்கே கூப்பிட விண்ணப்பம் போட்டு ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. கேட்கும்போதெல்லாம் பரிசீலனையில் இருக்கிறது என்று ஒரே கடிதம்தான் வருகிறது. மகள் நடக்கிறாள், ஓடுகிறாள் என்று மனைவி எழுதுகிறாள். என் படத்தைக் காட்டி அப்பா எங்கே என்றால் படத்தைத் தொடுகிறாளாம். நான் நேரில் போய் நின்றால் ஆர் என்று கேட்பாளோ என்பதுதான் என் பயம்.

அவர் கையிலிருந்த மீனை வெட்டி முடித்தார். பிறகு, "என்ரை அப்பாவும் அப்பிடித்தான். பாட்டன் வெளிக்கிட்ட பிறகு பிறந்தவர். மூண்டு வயசிலைதான் தேப்பனைக் கண்டவர்" என்றார்.

நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். பெல்ட்டில் மீன் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. "அப்பா எண்டு கூப்பிட எத்தினை நாள் எடுத்ததாம்?" என்று கேட்டேன்.

அவருக்குத் தெரியவில்லை. தகப்பன் உயிரோடு, முதியோர் இல்லத்தில் இருந்தார். "ஞாயிற்றுக்கிழமை போய்க் கேக்கிறன்" என்றார். துருவித் துருவிக் கேட்பதில் அவரும் எனக்குச் சளைத்தவரில்லை.

நான் நாளை எண்ணிக்கொண்டு இருந்தேன். ஒரு வாரம் என்பாரா, ஒரு மாதம் என்பாரா? ஆறு மாதம் என்றாலும் தாங்கிக்கொள்ளலாம் என்று என்னோடு நானே பேரம் பேசினேன். திங்கட்கிழமை காலை முழுக்க அவர் மீனையே பார்த்து வெட்டிக்கொண்டிருந்தார். கோப்பி நேரத்தில்தான் எனக்கு முன்னால் வந்து இருந்தார்.

"கூப்பிடவே இல்லையாம்."

"எப்பவும்?"

"எப்பவுமே. ஒரே வீட்டிலைதான் வளந்தவர். ஆனா கூப்பிடாமலே கதைச்சுக் கதைச்சுக் காலம் போயிட்டுதாம். ஏன் எண்டு கேட்டன். தேப்பன் ஒருநாளும் என்னைக் கேக்கேல்லை, கேட்டிருந்தா கூப்பிட்டிருப்பன் எண்டார். தொண்ணூறு வயசாகப் போகுது, அழுதார்."

எனக்கு அந்தப் பாட்டன் மீது ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கேட்டால் என்ன, வாயில் முத்தா உதிர்ந்துவிடும்? ரயில் டிக்கெட் எடுத்துப் பிள்ளையை வரவழைக்க முடிந்தவனுக்கு அதைக் கேட்க முடியவில்லையே.

இன்னும் இரண்டு வருடம் போனது. எங்கள் ஆட்களின் விண்ணப்பக் கோப்புகளை அரசாங்கம் வேண்டுமென்றே அசையாமல் வைத்திருந்தது என்று ஒருநாள் பத்திரிகையில் வந்தது. அந்தப் பெண்மணி அதைக் கன்டீன் மேசையில் விரித்து, எனக்கு விளங்கும்படி நிறுத்தி நிறுத்தி வாசித்தார். முடித்துவிட்டு, "வெக்கமாக் கிடக்கு" என்றார். அவர் ஏன் வெட்கப்பட வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் அது மனதுக்கு ஆறுதலாக இருந்தது.

அதற்குப் பிறகு கோப்புகள் அசைந்தன. மனைவியும் மகளும் எஸ்பியர்க் ரயில் நிலையத்தில் வந்து இறங்கியபோது மகளுக்கு நாலு வயது முடிந்திருந்தது. தாயின் கோட்டுக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டாள். நான் அவ்விடத்திலேயே முழங்காலில் நின்று கேட்டேன். "பிள்ளை, என்னை அப்பா எண்டு கூப்பிடுவியளோ?"

"மாட்டன்."

அடுத்த நாள் காலையும் கேட்டேன். மாட்டன். அதற்கடுத்த நாளும் மாட்டன். "வந்தும் வராததுமா குழந்தையோடை ஏன் மல்லுக்கு நிக்கிறியள்? தானாக் கூப்பிடுவாள்" என்று மனைவி ஏசினாள். அந்த முதியோர் இல்லக் கிழவரின் கதையைச் சொன்னேன். அதன் பிறகு நான் கேட்கும்போது அவள் அடுப்படிக்குப் போய்விடுவாள்.

ஒன்பதாம் நாள் எழும்பப் பிந்திவிட்டது. சப்பாத்தை அரைகுறையாக மாட்டிக்கொண்டு வேலைக்கு ஓடினேன். கதவைத் திறக்க, பின்னால் மகள் நின்றாள்.

"இண்டைக்கு நீங்கள் இன்னும் கேக்கேல்லை" என்றாள்.

கேட்டேன்.

"நாளைக்குச் சொல்லுறன்" என்றாள்.