ஓடாத வண்டிக்கு எதற்கு ஆயில்

என் மாமாவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஸ்டார்ட் பண்ணத் தெரியும். இரண்டும் வேறு வேறு என்பது அல்சூரில் எங்கள் சந்து முழுக்கத் தெரிந்த விஷயம். அவருக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

மாமா என்றால் அக்காவின் வீட்டுக்காரர். நான் ஆம்பூரிலிருந்து இன்ஜினியரிங் படிக்க பெங்களூர் வந்து, அவர்கள் வீட்டு முன் ரூமில் தங்கியிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே வண்டி. வண்டியின் சைலன்சர் சரியாக என் தலையணைக்கு நேரே. தினமும் காலையில் குளித்து, விபூதி பூசி, பேப்பரை எடுத்துக்கொண்டு போய் டிரைவர் சீட்டில் உட்காருவார். ஸ்டார்ட் பண்ணுவார். நின்ற இடத்திலேயே வண்டி தடதடவென்று நடுங்கும். கறுப்பாகக் கொஞ்சம், வெள்ளையாகக் கொஞ்சம் புகை கக்கும். அவர் பேப்பர் படித்து முடித்ததும் ஆஃப் பண்ணிவிட்டு இறங்கி, ஏதோ மைசூர் வரை போய்வந்த மாதிரி பானெட்டைத் தட்டிக்கொடுப்பார். கேட்டால், பேட்டரி டவுன் ஆகக் கூடாதாம். நான் இருமியே எழுந்துகொள்வேன். அலாரம் தேவைப்பட்டதில்லை.

அதே நேரத்தில் அக்கா தோளில் பையும் கையில் டிபன் பாக்ஸுமாக, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, அந்தப் புகையைத் தாண்டி பஸ்ஸுக்கு ஓடுவாள். அவள் டீச்சர். பள்ளிக்கூடம் ஓசூர் ரோட்டில், எலக்ட்ரானிக் சிட்டியையும் தாண்டி. இரண்டு பஸ். இரண்டிலும் நின்றுகொண்டுதான். வண்டி அவள் பேரில் இருந்தது.

கல்யாணத்துக்கு எங்கள் அப்பா வாங்கிக் கொடுத்த வண்டி அது. பெட்ரோல் வண்டி போதுமே என்று அப்பா இழுத்தபோது, டீசல்தான் வேண்டும் என்று மாமா முறுக்கிக்கொண்டு நின்றார். மைலேஜ் வேண்டுமாம். இவருடைய ஆபீஸ் எம்.ஜி. ரோட்டுக்குப் பக்கத்தில், நடந்தால் இன்னும் சீக்கிரம் போகலாம். சாயங்காலம் கோயில், அது அதைவிடப் பக்கம். ஞாயிற்றுக்கிழமை சிவாஜிநகர் மார்க்கெட். அந்த வண்டி பார்த்த உலகம் அவ்வளவுதான். இன்ஜின் சூடேறுவதற்குள் இடம் வந்துவிடும். மூன்றாவது கியருக்கு மேலே ஒன்று இருப்பது வண்டிக்கே மறந்திருக்கும். ஷோரூமில் சீட்டுக்குப் போட்டு அனுப்பிய பிளாஸ்டிக் உறையை அவர் கழற்றவே இல்லை. பின்னால் உட்கார்ந்தால் வியர்வையில் வழுக்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

அக்கா போய் லைசென்ஸ் எடுத்தாள். எடுத்த வாரமே கேட்டாள்.

"என்னங்க, நாளைலேர்ந்து வண்டிய நான் எடுத்துக்கினு போவட்டுமா? உங்கள ஆபீஸ்ல எறக்கி உட்டுட்டு அப்படியே ஸ்கூலுக்குப் போயிடறேன்."

"ஓசூர் ரோட்லயா? அந்தத் தூசுல, அந்த லாரிங்களுக்கு நடுவுல? வண்டி இன்னாத்துக்கு ஆவும்?"

"தெனம் அந்தத் தூசுலதான நான் போறேன்."

"நீ பஸ்ல போற. உனக்கின்னா."

அக்கா மறுநாளும் பஸ்ஸில்தான் போனாள். ஆனால் விடவும் இல்லை. மாதா மாதம் ஒரு தடவை, கேஸ் சிலிண்டருக்குச் சொல்லி வைப்பது போல, அதே கேள்வியைக் கேட்டுவைப்பாள். அவரும் தீபாவளி போகட்டும், பொங்கல் போகட்டும் என்று தள்ளிக்கொண்டே போவார்.

என் சண்டை வேறு. எனக்கு அந்த ஆயில் தாங்கவில்லை. டீசல் இன்ஜின் குளிர்ச்சியாக ஓடினால் ஊற்றிய டீசல் முழுக்க எரியாது. எரியாதது சிலிண்டர் சுவரோடு வழிந்து கீழே ஆயிலில் போய்க் கலக்கும். கூடவே எரியும்போது உண்டாகும் தண்ணீரும் சேரும். நீளமாக ஓட்டிச் சூடேற்றினால் அந்தத் தண்ணீராவது ஆவியாகிப் போகும். இவர் வண்டி சூடேறவே ஏறாது. இப்படி ஓடுகிற வண்டிக்குக் கிலோமீட்டர் கணக்குப் பார்த்து ஆயில் மாற்றுவது அபத்தம்; மாதக் கணக்கில் மாற்ற வேண்டும். இதை நான் இட்லி சாப்பிடும்போது சொன்னேன்.

"மாமா, வண்டிக்கு ஆயில் மாத்தணும்."

"மீட்டரப் பாத்தியா மாப்ள? கம்பெனிக்காரன் சொன்னதுல பாதிகூட ஓடல. ஓடாத வண்டிக்கு எதுக்கு ஆயிலு?"

"ரோட்ல ஓடற வண்டிக்குச் சொன்ன கணக்கு அது. உங்களுது நின்ன எடத்துலயே ஓடுது. அது மீட்டர்ல ஏறாது."

"இன்ஜினியர் சார் மொதல்ல அரியர்ஸ க்ளியர் பண்ணட்டும். அப்புறம் என் வண்டிக்கு வைத்தியம் பாக்கலாம்."

அரியர்ஸ் இருந்தது. தெர்மோடைனமிக்ஸ். அதனால் என்ன, டீசல் என் மார்க் ஷீட்டைப் பார்த்துவிட்டா ஆயிலில் இறங்குகிறது?

அதற்குப் பிறகு ஒருநாள் மாமா ஆயில் அளவு பார்க்கிற கம்பியை உருவி, பக்கத்து வீட்டுக்காரர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார். மேல் கோட்டையும் தாண்டி ஆயில் நின்றது.

"எல்லார் வண்டியும் ஆயில் குடிக்கும். நம்ம வண்டியப் பாருங்க, ஆயில் ஏறுது."

ஃப்ரேசர் டவுனிலிருந்து பிரேக் பார்க்க வந்திருந்த மெக்கானிக் பாய் பக்கத்திலேயே நின்றுகொண்டு தலையாட்டினார். "ராசியான வண்டி சார். டென்ஷன் நக்கோ, ஃப்ரீயா உடுங்க."

நான் கம்பியை வாங்கி மோந்து பார்த்தேன். டீசல் பங்க் வாடை. விரலில் தேய்த்தால் பிசுபிசுப்பே இல்லை, தண்ணீர் மாதிரி. "இது ஆயில் இல்ல மாமா, பாதி டீசல். மோந்து பாருங்க" என்று மூக்குக்கு நேரே நீட்டினேன். அவர் கம்பியைப் பிடுங்கி, கொடியில் காய்ந்துகொண்டிருந்த துணி ஒன்றை இழுத்துத் துடைத்து உள்ளே சொருகினார். அது என் டிஷர்ட். தெரிந்துதான் இழுத்தார்.

ஆயுத பூஜை வந்தது. பூஜை முடிந்ததும் வண்டியை அவள் ஓட்டிப் பார்க்கலாம் என்று அக்காவுக்கு வாக்கு மாதிரி ஒன்றைக் கொடுத்து வைத்திருந்தார். பூஜைக்கு முதல் நாள் சாயங்காலம் நான் காலேஜிலிருந்து வரும்போது பானெட் திறந்திருந்தது. கையில் ஆயில் டப்பா. கடைசிச் சொட்டு வரை கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"புது ஆயில் புது ஆயில்னு உயிர எடுத்தியே. ஊத்தியாச்சு. திருப்தியா?"

"பழசு எங்க?"

"பழசு இன்னா?"

"பழச எறக்கலயா? அடியில போல்ட் இருக்கு மாமா. அதக் கழட்டி எல்லாத்தையும் எறக்கிட்டு, ஃபில்டர மாத்திட்டு, அப்புறம்தான் ஊத்தணும்."

"நல்லாருக்கற ஆயில எவனாவது கீழ ஊத்துவானா? புதுசு சேந்தா பழசும் நல்லாயிடும்."

கெட்டுப்போன சாம்பாரில் புது சாம்பாரை ஊற்றுகிற மனுஷன். கம்பியை உருவிப் பார்த்தேன். கோட்டுக்கு எவ்வளவோ மேலே, ஏற்கெனவே நிறைந்திருந்த வண்டியில் இன்னும் ஒரு டப்பா. "இத ஸ்டார்ட் பண்ணாதீங்க. காலைல பாய கூப்ட்டு எறக்கிடலாம்" என்றேன்.

"நீ சும்னே இரு."

மறுநாள் சந்தில் எல்லா வண்டிகளும் மாலை போட்டுக்கொண்டு நின்றன. எங்கள் வண்டிக்குச் சந்தனம், குங்குமம், பானெட் மேல் சாமந்தி, நான்கு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம். அக்கா ஆரத்தித் தட்டோடு நின்றாள். மாமா உட்கார்ந்து ஸ்டார்ட் பண்ணி, பூஜை ஸ்பெஷலாக ஆக்ஸிலரேட்டரை ஒரு மிதி மிதித்தார்.

சத்தம் ஏறியது. காலை எடுத்தார். சத்தம் இறங்கவில்லை. இன்னும் ஏறியது. சாவியைத் திருப்பினார். ஏறிக்கொண்டேயிருந்தது. சாவியைப் பிடுங்கியே விட்டார். வண்டி அலறியது. பின்னாலிருந்து கிளம்பிய புகையில் எதிர்வீடு காணாமல் போனது. மாமா இறங்கி ஓடிவந்து, சாவியைத் தலைக்கு மேலே தூக்கி எல்லோருக்கும் காட்டினார்.

"நான் ஆஃப் பண்ட்டேன். தோ பாருங்க சாவி. ஆஃப் பண்ட்டேன்."

ஆஃப் பண்ணினால் டீசல்தான் நிற்கும். அந்த இன்ஜினுக்கு அப்போது டீசலே தேவையில்லை. தளும்பிக்கொண்டிருந்த தன் ஆயிலைத் தானே உறிஞ்சி எரித்துக்கொண்டிருந்தது. அது தீரும் வரை ஓடும், இல்லையென்றால் வெடிக்கும். நான் உள்ளே தாவி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கால் பிரேக் மேல் ஏறி நின்று, டாப் கியரைப் போட்டு, கிளட்சைப் பட்டென்று விட்டேன். வண்டி ஒரே ஒரு துள்ளு துள்ளி, எலுமிச்சம்பழங்களை நசுக்கிவிட்டுச் செத்தது. அன்றைக்கு அந்த வண்டிக்கு முறையாக நடந்த பூஜை அது ஒன்றுதான்.

மாமாதான் முதலில் பேசினார்.

"செருப்போட ஏறிட்டான் பாருங்க. பூஜைக்கு வெச்ச வண்டில."

வண்டியைக் கயிறு கட்டி ஃப்ரேசர் டவுனுக்கு இழுத்துப் போனோம். பாய் அடி போல்ட்டைக் கழற்றியதும் முதலில் மண்ணெண்ணெய் மாதிரி சளசளவென்று கொட்டியது. பிறகு ஆயில் தொட்டியையே இறக்கிக் காட்டினார். அடியில் கருகிய வெல்லப்பாகு மாதிரி திட்டுத் திட்டாக அப்பியிருந்தது.

"நான் அப்பவே சொன்னேன் சார், வண்டிய லாங் ஓட்டணும்னு."

"எப்ப சொன்னீங்க பாய்? ராசியான வண்டின்னுதான சொன்னீங்க?" என்றேன்.

"ராசி இருக்கறதாலதான் தம்பி, இன்ஜின் ரெண்டா உடையல."

வாய்க்குக் குறைச்சல் இல்லை. ரிங், பேரிங் எல்லாம் மாற்ற வேண்டும் என்றார். மாற்றின பிறகு சும்மா நிறுத்தி ஓட விடக் கூடாது, நல்ல ரோட்டில் நிதானமாக நீளமாக ஓட்டி, சீக்கிரமே திரும்ப ஆயில் மாற்ற வேண்டும் என்றும் சொன்னார். நான் இட்லி சாப்பிடும்போது சொன்னதையேதான் பில் போட்டுச் சொன்னார்.

வண்டி கராஜில் கிடந்த நாட்களில் மாமா சந்தில் ஒரு வீடு விடாமல் ஏறி இறங்கி, மச்சான்காரன் கிளட்சை மிதித்து இன்ஜினை உடைத்த கதையைச் சொன்னார். எனக்குத் தட்டில் சோறு போட்டால் அவர் எழுந்து போவார். நானும் வேண்டுமென்றே இரண்டாம் தடவை ரசம் கேட்பேன். அக்காவுக்கு இந்தச் சண்டை ஒரு பொருட்டாகவே இல்லை. வண்டி எப்போது வரும் என்று மட்டும் கராஜுக்குப் போன் பண்ணிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வந்தது. ஞாயிற்றுக்கிழமை. நீளமாக ஓட்டியே ஆக வேண்டும் என்பதால் மாமா வேறு வழியில்லாமல் ஓசூர் ரோட்டில் இறங்கினார். அக்கா முன்னால், நான் பின்னால் பிளாஸ்டிக்கில் வழுக்கிக்கொண்டு. சில்க் போர்டு தாண்டியதும் இரண்டு பக்கமும் லாரி. இவர் இரண்டாவது கியரில் நடுரோட்டில் ஊர்கிறார். பின்னால் ஹாரன் சத்தம் கிழிகிறது. கன்னடத்தில் ஒருத்தன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி இவர் பரம்பரையையே விசாரித்துவிட்டுப் போனான். பொம்மனஹள்ளி வரும்போது இண்டிகேட்டருக்குப் பதில் வைப்பரைப் போட்டார். ஓரமாக ஒரு இளநீர் வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டார்.

"வெயிலா இருக்கு. திரும்பிடலாம்."

அக்கா இறங்கினாள். முன்னால் சுற்றி வந்து டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்தாள்.

"நவுருங்க."

அவர் அவளைப் பார்க்கவில்லை. கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "உன் தம்பிய ஓட்டச் சொல்லு."

இத்தனை நாளாக என் முகத்தில் முழிக்காத மனுஷன். பெண்டாட்டி ஓட்டுவதைவிட நானே தேவலை.

"அவனுக்கு லைசென்ஸ் இல்ல. எனக்கு இருக்கு. நவுருங்க."

நகர்ந்தார். அவள் முதலில் கொஞ்சம் திணறினாள். ஒரு தடவை வண்டி நின்றுகூடப் போனது. அப்புறம் மூன்று, நான்கு, டாப். அந்த இன்ஜின் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரே சீரான சத்தத்தில் ஓடியது. அவள் தன் பள்ளிக்கூடத்து கேட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தாண்டினாள். அத்திபெலே தாண்டி, ஓசூர் போய், ஒரு காபி குடித்துவிட்டுத் திரும்பினோம். மாமா கதவுக்கு மேலே இருக்கும் கைப்பிடியை விடவே இல்லை.

சாயங்காலம் சமையல் கட்டில் கதவைச் சாத்திக்கொண்டு அவர்கள் இரண்டு பேரும் பேசினார்கள். பிறகு அக்கா என் ரூமுக்கு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"சாவி இனிமே என்கிட்டதான். ஆயில் மாத்தறதும் நானே பாத்துக்கறேன். ஒத்துக்கினார்."

"சூப்பர்க்கா. எப்படி?"

"ஒரு கண்டிஷன்."

"இன்னா?"

"நீ இங்க இருக்கக் கூடாது."

"அதுக்கு நீ இன்னா சொன்ன?"

"சரின்னேன்."

முகத்தில் ஏதாவது வருத்தம் இருக்கிறதா என்று தேடினேன். நாளைக்கு எந்தப் புடவை என்று யோசிக்கிற முகம்.

"நீலசந்திரால ஒரு ரூம் பாத்துருக்கேன். எங்க ஸ்கூல் ஆயா வீட்டு மாடி. தண்ணி நல்லா வருதாம். உன் காலேஜுக்கு ஒரே பஸ்."

"எப்ப பாத்த?"

"போன வாரம்."

போன வாரம் வண்டி கராஜில் கிடந்தது. அப்போது மாமா எந்தக் கண்டிஷனும் போட்டிருக்கவில்லை. ஓசூர் ரோட்டுக்குப் போகும் முன்பே, எதைக் கொடுத்தால் அந்த ஆள் சாவியைக் கொடுப்பான் என்று அவள் கணக்குப் போட்டு முடித்துவிட்டாள். நான் வாயைத் திறந்தேன். நல்லதாக நான்கு வார்த்தை கேட்க வேண்டும் என்றுதான் திறந்தேன்.

"டேய்" என்றாள். "எனக்கு ஒக்காந்துக்கினு போவணும்டா. அவ்ளோதான்."

திங்கட்கிழமை காலையில் பெட்டியையும் மெத்தையையும் தெருமுனைக்கு இழுத்து வந்து, நீலசந்திராவுக்கு ஒரு ஆட்டோக்காரனிடம் கத்திக்கொண்டிருந்தேன். மீட்டருக்கு மேல் கேட்டான். அவனோடு சண்டை முடிந்து நான் திரும்பிப் பார்த்தபோது, அவள் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிப் போயிருந்தாள்.